கரியில் ஓடிய கணக்கு மெஷின்கள்

என் வீட்டுக்காரர் மலாக்கா டவுனுக்கு ஒரு லாரியில் வந்து சேர்ந்தார். லாரி அவருக்காக வரவில்லை. ஒரு பழைய கரி என்ஜினை ஏற்றிப் போக வந்தது. அதை ஓட்டத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான் என்பதால், போகிற போக்கில் அவரையும் ஏற்றிக்கொண்டார்கள். சீதனத்தோடு பெண் வருவாள், இங்கே என்ஜினோடு மாப்பிள்ளை வந்தார் என்று நான் பிற்பாடு கேலி செய்வதுண்டு. அவருக்கு அது பிடிக்காது. ஒரு வாரம் கழித்து, சட்டி பானையோடு நானும் அந்த டவுனின் காஜா பெராங் பகுதிக்கு வந்தேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் அது. நாடு நம் கைக்கு வந்தால் தோட்டம் என்ன ஆகுமோ என்று பயந்து, எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் அதைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். துண்டு வாங்கியவர்களுக்கு மரம் வேண்டும், பால் வேண்டும். பாலைத் தகடாக்கும் ரப்பர் ஸ்டோர் யாருக்கும் வேண்டாம். உருளை மெஷின்களைச் சுற்றிய என்ஜின் நின்றது. அதை ஓட்டிய என் வீட்டுக்காரரும் வீட்டில் உட்கார்ந்தார். அவருக்குப் பால் வெட்டத் தெரியாது, புல் வெட்டப் பிடிக்காது. என்ஜின் டிரைவர் என்றால் தோட்டத்தில் ஒரு மிதப்பு உண்டு. அந்த மிதப்பு சோறு போடாத காலத்தில்தான் லாரி வந்தது.

எனக்கு அப்போது ஐந்தாவது மாதம். இதற்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து, மூச்சு விடாமலேயே போய்விட்டது. வலி எடுத்த நேரத்தில் தோட்டத்து லாரி ரப்பர் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தது. அது திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காஜா பெராங் வந்ததும் நான் முதலில் கேட்டது, பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதுதான். மிதிக்கிற திரிஷா வண்டியில் ஏறினால் கொஞ்ச நேரம் என்றார்கள். எனக்கு அது போதும். வீடு ஒழுகினாலும் சரி, வாடகை கூடினாலும் சரி, இந்தப் பிள்ளை அந்த ஆஸ்பத்திரியில்தான் பிறக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அது எங்கள் கையில் இல்லை. வீட்டுக்காரரின் வேலை வெள்ளோட்ட வேலை. மூன்று மாதம் என்ஜின் ஒழுங்காக ஓடிக் கம்பெனிக்குக் கரண்ட் கொடுத்து, அது டவுன் கரண்டைவிடச் செலவு குறைவு என்று தெரிந்தால் நிரந்தரம். இல்லையென்றால் என்ஜின் பழைய இரும்புக் கடைக்கு, நாங்கள் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அவருடைய அண்ணன் குடியிருந்த லயத்து வீட்டுக்கு. அங்கேயும் ஒரே ஒரு லாரிதான் இருந்தது.

வேலை கொடுத்த கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல தோட்டங்களுக்குக் கணக்குப் பார்க்கிற கம்பெனி அது. எந்த மர நிரையில் யார் எவ்வளவு பால் எடுத்தார் என்று ஒவ்வொரு தோட்டத்துக் கணக்குக் கிராணியும் எழுதி அனுப்புவார். காஜா பெராங்கில் ஒரு பழைய கிடங்கில் நாலு பெண்கள் உட்கார்ந்து, அதைப் பார்த்துப் பார்த்துக் கெட்டி அட்டைகளில் துளை போடுவார்கள். ஒரு ஆளுக்கு ஓர் அட்டை. அட்டைகளை மெஷினில் விட்டால், துளை இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்து அதுவே தோட்டவாரியாகப் பிரிக்கும். இன்னொரு மெஷின் கூட்டிக் காகிதத்தில் அடிக்கும். சீட்டுக் கட்டை யாரோ வெறி பிடித்துக் கலைப்பது போலச் சத்தம் கேட்கும்.

என் பேரன் இப்போது ஜொகூரில், கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் ஒரு பெரிய கட்டடத்தில் கரண்ட் பார்க்கும் வேலையில் இருக்கிறான். வாயுவை எரிக்காமலேயே அதிலிருந்து கரண்ட் எடுக்கும் பெட்டிகளைப் புதிதாக வைத்துப் பார்க்கிறார்களாம். வெளிக் கரண்டை நம்பாமல் சொந்தமாக எடுத்துக்கொண்டால் கட்டுபடியாகுமா என்று கணக்குப் போடுகிறார்களாம். என்னிடம் அதை ஏதோ உலக அதிசயம் போலச் சொன்னான். அந்தக் கணக்கில் என்னையும் ஒரு காலத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

அந்தக் காலத்து டவுன் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் சோர்ந்து போகும். விளக்கு மங்கினால் மனிதர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துக்கொள்வார்கள். அந்த மெஷின்கள் அப்படி இல்லை. கரண்ட் கொஞ்சம் இறங்கினாலும் இந்தத் தோட்டத்து ஆளை அந்தத் தோட்டத்தில் போட்டுவிடும். டீசல் என்ஜின் வைக்கலாம் என்றால் எண்ணெய்ச் செலவு கட்டுபடியாகாது. அதனால்தான் கம்பெனித் துரை, விற்றுப்போன தோட்டத்தில் சும்மா கிடந்த கரி என்ஜினைப் பிடித்தார். மலாக்கா கடலோரம் முழுக்கத் தென்னை. கொப்பரை காய வைக்கிற இடங்களில் சிரட்டை மலை போலக் கிடக்கும். சுட்டுக் கரியாக்கி அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். விலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

என்ஜின் எப்படி ஓடும் என்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை, அதற்குள் கரி. தணலை முழுக்க எரிய விடாமல், காற்றையும் நீராவியையும் அளவாக உள்ளே விட்டால் கரி வாயுவாக மாறும். அந்த வாயுவைத் தண்ணீரில் அலசி என்ஜின் உறிஞ்சிக்கொள்ளும். என்ஜின் பெரிய சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் வாரைச் சுற்றும், வார் டைனமோவைச் சுற்றும். அந்த வாயுவுக்கு வாடை கிடையாது, ஆனால் ஆளைக் கொன்றுவிடும். அதனால் என்ஜின் கொட்டகையின் சன்னல்களை மழையில்கூட அவர் மூட விடமாட்டார். நான் நனைந்துகொண்டே கரி சலித்திருக்கிறேன்.

கரி சலித்தது நான்தான். வருகிற கரியில் தூள் இருக்கும், மண் இருக்கும், பாதி வெந்து பாதி வேகாத சிரட்டை இருக்கும். உடைக்க வேண்டியதைப் பாக்கு அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துத் தள்ளி, வேகாததைக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். தூள் போனால் அடைத்துக்கொள்ளும். வேகாத ஓடு போனால் அதிலிருந்து தார் கிளம்பி, என்ஜினின் வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும். இந்த வேலைக்கு ஆள் போடலாமா என்று அவர் கேட்டதற்குத் துரை, உன் பெண்சாதி சும்மாதானே இருக்கிறாள் என்றாராம். கூலி இல்லை. சலித்து விழும் தூள் எனக்கு. அதைக் களிமண்ணோடு பிசைந்து உருண்டை பிடித்துக் காயவைத்தால் அடுப்புக்கு ஆகும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு விற்றேன். அதுதான் என் சம்பளம். அப்போது எனக்கு அது குறையாகவும் தெரியவில்லை. இடுப்பு வலிக்கும், மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்குக் கரி விஷயத்தில் மூக்குக்கு மேல் கோபம் வரும். கூடையில் கையை விட்டுத் துழாவி, எங்கேயாவது ஒரு துண்டு பழுப்பாக அகப்பட்டால் போதும்.

"இந்தா, இது என்னா? ஓடு வேகாம கெடக்கு. இது உள்ள போனா தார் கக்கும். வால்வு ஒட்டிக்கிரும். கண்ண எங்க வச்சிக்கிட்டு பொறுக்குற?"

சோற்றில் கல் இருந்தால் பேசாமல் எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுகிற மனுஷர், கரியில் ஓடு இருந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். நானும் பதிலுக்குக் கத்துவேன். ஆனாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பொறுக்கினேன். ஆஸ்பத்திரிக்கும் ஜாசினுக்கும் நடுவில் இருந்தது அந்தக் கரிக்கூடைதான் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் குடியிருந்தது ஒரு செட்டி வீட்டின் பின்கட்டில். மலாக்காச் செட்டிகள் என்றால் அந்தக் காலத்து வணிகர்களின் வழிவந்தவர்கள். சாமியெல்லாம் நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். வீட்டுக்கார அம்மாவை நான் மக்சிக், மலாயில் அத்தை, என்று கூப்பிடுவேன். அவருடைய மகள்தான் மெஷின் அறைக்குத் தலைவி. கபாயாச் சட்டை போட்டு, சாரோங் கட்டி, நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, இங்கிலீஷில் துரையிடம் கணீரென்று பேசுவாள். தமிழ் அவளுக்குக் கொஞ்சம் வார்த்தைகள்தான் வரும். எனக்கு மலாய் தோட்டத்து மலாய். இரண்டையும் கலந்து எங்கள் காரியம் நடந்தது.

முதல் மாதம் அவளுக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஆகவில்லை. காலையில் அவள் எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் போடுவாள். டவுன் கரண்டில் அப்படித்தான் பழக்கம். கரி என்ஜினோ திடீரென்று பாரம் ஏறினால் திணறும், வாயு சேர்வதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். விளக்கெல்லாம் மங்கும். மெஷின்கள் தப்புத் தப்பாகப் பிரிக்கும். குற்றம் என்ஜின்மேல் விழும். கடைசியில் அவர், தோட்டத்து ஸ்டோரில் செய்தது போல, மெஷின் அறை வாசலில் ஒன்றும் கொட்டகையில் ஒன்றுமாகத் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டார். ஒரு மெஷினைப் போடுவதற்கு முன்னால் ஒரு தட்டு. இவர் வாயுவைத் திறந்துவிட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு தட்டு. அப்புறம்தான் மெஷினைப் போட வேண்டும். தோட்டத்தில் உருளைகளை அப்படித்தான் ஒவ்வொன்றாக விடுவார்கள். துரைக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை, ஆபீசா கோயிலா என்று முணுமுணுத்தார். ஆனால் விளக்கு மங்குவது நின்றது, அதனால் விட்டுவிட்டார்.

இரண்டாவது மாதக் கணக்கில், கரி என்ஜினின் செலவு டவுன் கரண்டில் பாதியைவிடக் குறைவு என்று வந்தது. செட்டிப் பெண்ணே சொன்னாள். அவளுக்கும் சந்தோஷம்தான். கரண்ட் சரியில்லை என்றால் மெஷின்களைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்விடுவதாகப் பேச்சு இருந்தது.

மூன்று மாதம் முடிகிற நாளில் சிங்கப்பூர் ஆபீசிலிருந்து பெரிய துரைகள் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. மெர்டேக்கா கொண்டாட்டம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் குறித்த நாளைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஆயுத பூஜை நாள்.

தோட்டத்தில் அன்றைக்கு ஸ்டோர் மூடியிருக்கும். என்ஜினைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து, மாலை போட்டு, சாம்பிராணி காட்டி, அப்படியே உறங்க விடுவார்கள். அவருடைய அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். ஓடுகிற என்ஜினுக்குப் பூஜை என்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அன்று தன்னால் முடியாது, வேறு நாள் வைக்கச் சொல்லித் துரையிடம் கேட்கப் போவதாகச் சொன்னார்.

"புள்ளய எங்க பெத்துக்கறது? அத மட்டும் சொல்லிட்டுப் போயி கேளுங்க," என்றேன்.

அவர் போகவில்லை. ஆனால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. செட்டிப் பெண்தான் வழி சொன்னாள். அவர்கள் வீட்டிலும் அன்று பூஜை உண்டு. விடியற்காலையிலேயே பூஜையை முடித்துவிடலாம், அதற்குப் பிறகு என்ஜின் ஓடினால் அது சாமி கொடுத்த வேலை என்று சொன்னாள். சாம்பிராணியும் அவளே கொண்டுவந்தாள், பெரிய பெரிய கட்டியாக, ஒரு பொட்டலம் நிறைய. மக்சிக் துக்காங் எமாஸ் தெரு விநாயகர் கோயிலுக்குப் போய் மாலை வாங்கி வந்தார்.

விடியும்போது கொட்டகையில் எல்லோரும் நின்றோம். உருளையில் தணல் பிடித்தாகிவிட்டது, வாயு ஏறிக்கொண்டிருந்தது. என்ஜின் மட்டும் இன்னும் ஓடவில்லை. சந்தனம் குங்குமம் வைத்தார். பெரிய சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சாம்பிராணி போடுவதற்குத் தூபக்காலில் தணல் வேண்டும். தணலை அள்ள அடிக்கதவைத் திறந்தால் ஏறிய வாயு கெட்டுவிடும். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. உள்ளேயே இவ்வளவு தணல் இருக்கிறதே, இந்த என்ஜினுக்கு உயிரே அதுதானே, அங்கேயே போட்டால் என்ன? ஏணியில் ஏறிக் கரி போடுகிற மூடியைத் திறந்து, பொட்டலம் முழுவதையும் உள்ளே கொட்டி, மூடி, இரண்டு கையையும் கூப்பினார். நாங்களும் கூப்பினோம்.

பாதி வெந்த ஒரு சிரட்டைத் துண்டுக்காக என்னை மூன்று மாதம் வறுத்தெடுத்தவர் அவர். சாம்பிராணி என்பதே பிசின்தான், பிசின் வெந்தால் தாராகத்தான் வரும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். சாமிக்குப் போடுகிற பொருளாக அதைக் கையில் எடுத்தபோது, அது கரிக்குள் விழப்போகிற பிசின் என்று அவர் மனசில் படவில்லை. அங்கே நின்ற யாருக்கும் படவில்லை.

என்ஜின் அழகாக எடுத்தது. புகைக்குழாயிலிருந்து தெரு முழுக்கச் சாம்பிராணி வாசனை. எதிர்வீட்டுக் கிழவர் கோயிலுக்கு நேரமாகிவிட்டதோ என்று வெளியே வந்து பார்த்தார். காலை பத்து மணி வாக்கில் சிங்கப்பூர்த் துரைகள் காரில் வந்து இறங்கினார்கள். ஒருவர் மூக்கை உறிஞ்சி, நல்ல மணம், இது என்ன எரிபொருள் என்று கேட்டாராம். சிரட்டைக் கரி என்று நம் துரை பெருமையாகச் சொன்னாராம். தண்டவாளத் துண்டு ஒவ்வொரு தட்டாக ஒலித்தது, மெஷின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கரி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று பார்த்த எனக்கு மனசு நிறைந்துபோயிருந்தது. வயிற்றைத் தடவி, உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் என்ஜினின் சத்தம் மாறியது. இரண்டு அடிக்கு ஒரு அடி விட்டுவிட்டு வந்தது. அவர் எல்லாத் திருகையும் திருகிப் பார்த்தார். விளக்கு மங்கியது. மெஷின் அறையில் செட்டிப் பெண் ஓடிப்போய்ப் பிரிக்கும் மெஷினைக் கையாலேயே நிறுத்தினாள். இல்லையென்றால் எல்லா அட்டையும் கலந்திருக்கும். பெரிய சக்கரம் மெதுவாகி மெதுவாகி நின்றது. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அந்த அமைதியில், சிங்கப்பூர்த் துரைகளின் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. அவர்கள் சாப்பிடப் போனார்கள்.

அவர் வால்வைக் கழற்றினார். கறுப்பாக, பலாப்பழப் பால் போல, விரலில் ஒட்டி இழுத்தது. முகர்ந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார். நான் முகர வேண்டியிருக்கவில்லை. கொட்டகையே மணத்தது. இரண்டு பேரும் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைக்க ஆரம்பித்தோம்.

எங்கள் துரை வந்தார். பல வருஷம் தோட்டத்தில் இருந்தவர், தோட்டத்துத் தமிழ் பேசுவார். பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் 'நீ'தான், எல்லாமே அதட்டல்தான். என்ன கோளாறு என்று கேட்டார். தார் என்றார் என் வீட்டுக்காரர். தார் எப்படி வந்தது என்று கேட்டார். இவர் கையிலிருந்த வால்வைக் கீழே வைத்தார். எனக்கு அவரைத் தெரியும். இன்னும் ஒரு மூச்சில் சொல்லிவிடுவார். சொன்னால் என்ன ஆகும்? எரிபொருளில் சாமி கும்பிடுகிறவன் கையில் கம்பெனியின் மெஷின்களை விடுவார்களா?

"கரி என் பொறுப்பு, தொரை," என்றேன். "வேகாத ஓடு கலந்து போச்சு."

துரை என்னையும் என் வயிற்றையும் பார்த்தார். இனிமேல் நீ கரியைத் தொடாதே என்றார். காண்டிராக்டரிடமிருந்து சுத்தம் செய்த கரியே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன், உண்மைதான். ஆனாலும் அவர் உண்மையிலேயே சொல்லாமல் நின்றபோது எனக்குச் சுருக்கென்றது. இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்தேன், அதை மறைப்பானேன்.

இரண்டு மணி நேரத்தில் என்ஜின் மறுபடி ஓடி, சாயங்காலம் வரை நிற்கவில்லை. துரைகள் மூன்று மாதக் கணக்கைப் பார்த்தார்கள். கோளாறு கரியில், என்ஜினில் இல்லை என்று எழுதிக்கொண்டார்களாம். அவருக்கு வேலை நிரந்தரமானது. அன்று மாலை மக்சிக் ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, என் தலையைத் தடவி, "தாக் அப்பா, தாக் அப்பா," என்றார். பரவாயில்லை, பரவாயில்லை. மகள் வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். சாம்பிராணி அவள் கொண்டுவந்ததல்லவா. உள்ளே வா என்று நான்தான் கூப்பிட்டேன்.

நவம்பர் மழையில் எனக்கு வலி எடுத்தது. திரிஷாக்காரர் முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனார். பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் அதை எடுத்துவிட்டு, பிள்ளையை முதுகில் தட்டி அழ வைத்தாள். பெண் பிள்ளை. அந்த அழுகையைக் கேட்டதும், கரியாவது பழியாவது, எல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது எனக்கு.

அவருக்கு அப்படி ஆகவில்லை. வீட்டுக்கு வந்தால் பிள்ளையைத் தூக்குவார், என் முகத்தை நேராகப் பார்க்கமாட்டார். காண்டிராக்டர் அனுப்பிய கரி மூட்டைகளில் பாதி தூள், மீதியில் பாதி வேகாத ஓடு. வாரத்துக்கு ஒரு தடவை வால்வைக் கழற்ற வேண்டியிருந்தது. இப்போது ஒருவரையும் திட்டுவதில்லை. தானே உட்கார்ந்து பொறுக்குவார்.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது துரை எங்கள் இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். துரைக்கு முன்னால் செட்டிப் பெண் மெஷினில் அடித்துக் கொடுத்த மாதச் செலவுக் காகிதம் கிடந்தது. காண்டிராக்டர் கரி வந்த பிறகு என்ஜினுக்கு ஆகிற செலவு, டவுன் கரண்டுக்குக் கொடுத்ததை எட்டிப் பிடித்துவிட்டதாம். அப்போது மட்டும் எப்படி அவ்வளவு மலிவாக ஓடியது என்று என்னைக் கேட்டார். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"என் கூலி உங்க கணக்குல இல்ல, தொரை," என்றேன். "அதான் மலிவா இருந்துச்சு."

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தூள்தான் கொடுத்தோமே என்றார். தூளை விற்றது என் சாமர்த்தியம், அது கூலி ஆகாது என்றேன். அவ்வளவு பேச எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. பிள்ளை பத்திரமாகப் பிறந்துவிட்டதால் இருக்கலாம். அவர் பென்சிலை எடுத்து ஏதோ போட்டுப் பார்த்தார். எனக்கு நாள் கூலி கொடுத்தாலும் காண்டிராக்டருக்குக் கொடுப்பதில் பாதிகூட வரவில்லை போலிருக்கிறது. சரி, நாளையிலிருந்து வா, கூலி உண்டு என்றார்.

நான் கும்பிட்டுத் திரும்பும்போது நிறுத்தினார்.

"ஒன்னு. அன்னைக்கி மாதிரி மறுபடி வேகாத ஓடு வரக் கூடாது. இனிமே அந்தத் தப்பு செய்ய மாட்டேன்னு சொல்லு."

சொல்லிவிட வேண்டியதுதானே? வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்றவர் முந்திக்கொண்டார்.

"அது கரி இல்ல, தொரை. சாம்பிராணி. பூசை பண்றப்ப நான்தான் அடுப்புக்குள்ள கொட்டுனேன். இவ பொறுக்குன கரியில ஒரு நாளும் குத்தம் இருந்ததில்ல."

துரை நாற்காலியில் சாய்ந்தார். அந்த வாசனையைச் சிங்கப்பூர்த் துரை மெச்சியது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது. கோபமா வேறு எதுவா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தார். அங்கே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு என் வீட்டுக்காரருக்கு ஒரு வாரச் சம்பளம் வெட்டு என்றார். இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்றார். என்னிடம், காலையில் நேரத்தோடு வந்துவிடு என்றார். போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வெளியே வந்ததும் எனக்குப் பயமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னாலேயே போய்க் கேட்டேன், எல்லாம் முடிந்து அடங்கின பிறகு யார் உங்களைக் கேட்டார்கள், வேலை போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று. ஜாசினுக்குப் போயிருப்போம் என்றார். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டா என்றேன்.

அவர் நின்றார். அந்த ஆயுத பூஜைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கு நீ பழிய ஏத்துக்கிட்டப்ப புள்ள வயித்துல இருந்துச்சு. அதுக்காக வாய மூடிக்கிட்டேன். இன்னிக்கு அது உன் தோள்ல கெடந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கு. நீ செய்யாத தப்ப உன் வாயால சொல்ல விட்டுட்டு, இந்தப் புள்ளய நான் எப்படித் தூக்குவேன்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். சைக்கிளை நான் வாங்கித் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.